விராலுக்கு ஒரு ராகி உருண்டை

விசையைத் தட்டியதும் ஆட்டுத் தலை மேஜையிலிருந்து எகிறியது.

நான்கு கொக்கிகள் கொண்ட தூண்டில் முள் தாடைக்கு அடியில் நுழைந்து, நாக்கைக் கிழித்துக்கொண்டு வாய் வழியாக வெளியே வந்தது. இரும்புப் பெட்டிக்குள் இருந்த சுருள்வில் நைலான் நரம்பைச் சரசரவென்று சுற்றி இழுத்தது. தலை பெட்டியில் போய் மோதி, அப்படியே தொங்கி ஆடியது.

"அக்கா, கறிக்கடைக்காரர்கிட்ட நாக்கோட குடுங்கன்னு கெஞ்சி வாங்கிட்டு வந்தேனுங்க," என்றான் கவின்ராஜ். "இனி இதைக் கொழம்பு வெச்சா, சாப்புடறவங்க நம்ம மேலயே புகார் குடுப்பாங்க."

ஜீவிதா சிரிக்கவில்லை. சுவரில் தெறித்த புதுத் துளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றுக்குப் பக்கத்திலேயே காய்ந்து கறுத்துப்போன பழைய துளிகள் இருந்தன. அவை ஆட்டினுடையவை அல்ல. சந்திரனுடையவை.

மைசூரு மேட்டகள்ளியில் தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையில்தான் சந்திரன் தன் வாழ்நாளைக் கழித்தார். இரண்டு இயந்திரங்களுக்குக் காப்புரிமை வாங்கியவர். இரண்டு சான்றிதழ்களும் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கின. ஒன்று, மீன் கடித்ததும் தானாகவே முள்ளைப் பாய்ச்சி இழுக்கும் தூண்டில் பெட்டி. மற்றொன்று, தெருக் கூட்டும் தள்ளுவண்டி. மோட்டார் கிடையாது. கைப்பிடியைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் சுழலும். சக்கரம் சுழன்றால் முன்னால் இருக்கும் கம்பித் துடைப்ப உருளை அதைவிடப் பல மடங்கு வேகத்தில் சுழலும். நகரத் துப்புரவுக்கு அந்த வண்டிகளைத்தான் இறக்கியிருந்தார்கள்.

முந்தாநாள் காலை, இதே மேஜைமேல் தலை சாய்ந்து, கால்கள் தரையில் நீண்டபடி, சந்திரன் தன் தூண்டிலில் மாட்டிக் கிடந்தார்.

"ஆய்த்தா மேடம், முடிஞ்சுதா உங்க ஆராய்ச்சி?" வாசலில் நின்ற சப்-இன்ஸ்பெக்டர் லிங்கப்பன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். ஜீவிதாவின் துப்பறியும் அலுவலகத்துக்கு அவ்வப்போது வழிவிடுகிற மனிதர். "நான்தான் சொன்னேனே. பின் மண்டையில அடி. மயங்கி விழுந்ததும் கொக்கியைத் தாடைக்குக் கீழே வெச்சு விசையைத் தட்டியிருக்காங்க. இரை வெக்கும்போது கை தவறின மாதிரி காட்டறதுக்கு, கொக்கியில ராகி உருண்டை வேற. மீனு பிடிக்கத் தெரியாதவங்க வேலை அது. தொண்டையைக் கிழிப்பேன்னு கத்தின துப்புரவுக்காரி மாதம்மாதான். நாளைக்குக் கோர்ட்."

"விரால் தொட்டியில ராகி உருண்டையா?" என்றான் கவின்ராஜ். பட்டறையின் மூலையில் இருந்த சிமெண்டுத் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். கறுப்பாக நாலைந்து விரால்கள் அசையாமல் கிடந்தன. "இதுங்க உசிரோட நெளியறதைத் தவிர எதையும் தொடாதுங்க. ராகியப் போட்டா, பக்கத்துத் தொட்டிக்கு வழி கேக்கும்."

"அதைத்தானப்பா நானும் சொல்றேன். தெரியாதவ வெச்சது."

ஜீவிதா மேஜைக்கு வந்தாள். தூண்டில் பெட்டிக்குப் பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் இடத்தில், ஒரு பால்பவுடர் டப்பா இருந்தது. மூடியைத் திறந்தாள். ஈரமண்ணுக்குள் மண்புழுக்கள் இன்னும் உயிரோடு புரண்டன. மூடியின் மேல் பழுப்பாக ஒரு தேய்ப்பு. ரத்தம் பட்ட துணியைச் சுற்றிய கை தொட்ட தடம் அது.

பட்டறையின் மறுகோடியில், கதவோரம் ஆணியில் ஒரு டிபன் கேரியர் தொங்கியது. அதன் மேல் அடுக்கில் ராகிக் களி காய்ந்து வெடிப்பு விட்டிருந்தது. ஓர் ஓரத்தில் மட்டும் கட்டைவிரலால் கிள்ளி எடுத்த பள்ளம். மற்றபடி யாரும் சாப்பிடவில்லை.

அவள் டப்பாவிலிருந்து கேரியருக்கு நடந்து பார்த்தாள். வழியில், தரையில், சாக்பீஸால் வரைந்த கால்கள் இருந்தன. அவற்றைத் தாண்டித்தான் போக முடிந்தது.

"லிங்கப்பன் சார், ஒண்ணும் தெரியாதவ கைக்குப் பக்கத்துல இருக்கறதை எடுத்திருப்பா. தூண்டில் பக்கத்துல புழு இருந்தா அதுதான் இரைன்னு சின்னக் குழந்தைக்கும் தெரியும். இது அப்படி இல்ல. மண்டையில அடிச்சதுக்கு அப்புறம் இந்த டப்பாவைத் திறந்து பார்த்திருக்கான். புழுவைப் பார்த்ததும் மூடியிருக்கான். குற்றுயிரா கிடக்கற மனுஷனைத் தாண்டிக் கதவு வரைக்கும் போய், களியைக் கிள்ளி எடுத்துட்டு வந்திருக்கான்."

"எதுக்கு?"

"புழுவைத் தொட முடியல அவனால."

"மண்டைய ஒடைச்சவனுக்குப் புழுவத் தொட அருவருப்புங்களா?" என்று கவின்ராஜ் சிரித்தான். "கொலை பண்ணிட்டுக் கை கழுவ வெந்நி கேப்பான் போல."

ஜீவிதாவுக்கு அது சிரிப்பாகத் தெரியவில்லை. அவளுக்கு அந்த ஆளைத் தெரியும் என்று தோன்றியது. பெயரோ முகமோ அல்ல, அந்த வகை. அவள் ஏழு வருடம் குடித்தனம் நடத்திய கணவன், கை ஓங்குவதற்கு முன் கடிகாரத்தைக் கழற்றிக் கண்ணாடி மேல்பக்கம் இருக்கும்படி மேஜைமேல் வைப்பான். கீறல் விழுந்துவிடக் கூடாது. அந்த நேரத்தில் அவன் முகத்தில் கோபமே இருக்காது, ஒரு ஒழுங்குதான் இருக்கும். அவள் பயந்தது அடியைவிட அந்த ஒழுங்குக்குத்தான். கடிகாரத்தின் பட்டை அவிழும் சின்னச் சத்தம் இன்றைக்கும் யார் கையிலிருந்து கேட்டாலும் அவள் ஓரடி பின்வாங்குவாள்.

"அருவருப்பு இல்ல கவின். அருவருப்பா இருந்தா முகத்தைத் திருப்பிக்கிட்டு எடுத்திருப்பான். இது ஏதோ சட்டம். அவனே அவனுக்குப் போட்டுக்கிட்ட சட்டம்."

கவின்ராஜின் சிரிப்பு மெதுவாக நின்றது. ஹனூர்க்காரன் அவன். "அக்கா, சிவராத்திரி வருதுங்க," என்றான். "எங்க பக்கம் மாதேஸ்வரன் மலைக்கு நடக்கறதுக்கு மாலை போட்டிருப்பாங்க. எங்க சித்தப்பன் மாலை போட்டா, மேல ஊர்ற எறும்பைக்கூட ஊதித்தான் விடுவாரு. கறி, மீனு, புழு, பூச்சி எதையும் கையால தொடக் கூடாதுங்க."

"மனுஷனை?"

"அதை யாரும் சொல்லி வெக்கலீங்க. சொல்லோணும்னு தோணியிருக்காது."

*

மாதம்மா ஸ்டேஷன் அறையின் மூலையில் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தாள். துப்புரவுப் பணியாளர்களின் பச்சைச் சட்டையை இன்னும் கழற்றவில்லை. முன்பக்கம் முழுக்க காய்ந்த ரத்தம் மொறமொறவென்று நின்றது. வலது கையின் கட்டுக்கு வெளியே கட்டைவிரலும் சுண்டுவிரலும் மட்டும் தெரிந்தன. நடுவில் இருக்க வேண்டிய மூன்றையும் தை மாதத்தில் ஒரு காலை, அக்ரகாரம் பக்கத்துத் தெருவில், தள்ளுவண்டியின் உருளை தின்றிருந்தது.

"பிளாஸ்டிக் கவரு ஒண்ணு சிக்கிச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். பின்னாடி ஆட்டோக்காரன் ஹார்ன் அடிச்சுட்டு வண்டிய இடிச்சான், அவ்வளவுதான்," என்றாள் மாதம்மா. "சக்கரம் ஒரு சுத்துதான். என் விரலை நானே சாக்கடையில தேடுனேன் மேடம்."

"சந்திரன் தொண்டையைக் கிழிப்பேன்னு சொன்னீங்களாமே."

"சொன்னேன். பட்டறை வாசல்ல நின்னு, தெருவே பார்க்கக் கத்துனேன். அந்த ஆளு ஒரு வார்த்த எதுத்துப் பேசல. அழுதாரு. விடியக்காலைல வாம்மா, ரெண்டு பேரும் கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போலாம், எல்லா வண்டியையும் நிறுத்தச் சொல்றேன், தப்பு என் மேலதான்னு எழுதிக் குடுக்கறேன்னாரு. அதுக்குத்தான் போனேன்."

"போனப்போ?"

மாதம்மா தன் சட்டையைக் குனிந்து பார்த்தாள். "மூச்சு இருந்துச்சு. கொளகொளன்னு ரத்தத்துக்குள்ள மூச்சு. கொக்கியப் புடுங்கப் பார்த்தேன். இந்தக் கைல புடிக்க முடியல. இன்னொரு கைல இழுத்தா சதையும் சேந்து வருது. அப்புறம் சத்தம் நின்னு போச்சு."

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"கிழிப்பேன்னு கத்துனவ, கிழிஞ்சு கிடக்கறவன் பக்கத்துல உக்காந்து அழ முடியுமா? ஜெயிலுக்குப் போனா என் வேலைய இன்னொருத்திக்குக் குடுத்துருவாங்க. அவ கையும் போகும். அந்த வண்டி ஓடிக்கிட்டுத்தான இருக்கு?"

*

ஜீவிதாவை இந்த வழக்குக்கு அமர்த்தியவள் சந்திரனின் மனைவி பஞ்சவர்ணம். புருஷனைக் கொன்றவள் என்று ஊர் காட்டுகிறவளை அவள் நம்ப மறுத்தாள். அந்தப் பிடிவாதம்தான் ஜீவிதாவை இழுத்தது. பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. கூடத்தில் சந்திரனின் படத்துக்கு முன் விளக்கு எரிந்தது.

"அவரு மாதம்மா கைக்காக ராத்திரியெல்லாம் தூங்கலீங்க அம்மணி," என்றாள் பஞ்சவர்ணம். "வண்டியில தடுப்புத் தகடு வெச்சுத்தான் அவரு வரைஞ்சாரு. உருளைமேல மூடி மாதிரி. அது இருந்தா கை உள்ள போகாது. செய்யறப்போ அதை எடுத்துட்டாங்க. தகடு இருந்தா வண்டி கனக்குது, தள்றவங்க திணறுறாங்கன்னு என் தம்பிதான் எடுத்தான். நஞ்சன்கூட்டுல ஷெட்டு அவனுதுதானுங்க. ராத்திரி பகலா ஒழைச்சு எழுப்பினது."

"வண்டியை நிறுத்தப் போறதா சந்திரன் அவர்கிட்ட சொன்னாரா?"

"சொன்னாரு. ரவிக்குமாருக்கு மனசு கஷ்டந்தான். ஆனா மச்சான் பேச்சுக்கு மறுபேச்சு இல்ல. தங்கமான பையன்." அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "அன்னிக்கு இவரை அப்படிப் பார்த்ததும் பட்டறையிலிருந்தே தம்பிக்குப் போன் பண்ணேன். இந்தப் பக்கத்துத் தெருதான் வீடு. ஒரு டீ குடிக்கிற நேரத்துல வந்து நின்னான். தலை ஈரம் இன்னும் காயல. மலைக்கு மாலை போட்டிருந்தானுங்க, கழுத்து வெறுமையா இருந்துச்சு. எங்க வீட்டுச் சாவுத் தீட்டுக்காக, பாருங்க, விரதத்தையே விட்டுட்டான். கூடப் பொறந்தவன்னா அப்படி இருக்கோணும்."

கவின்ராஜ் டீ டம்ளரை வாயருகே கொண்டுபோனவன் அப்படியே கீழே வைத்தான்.

ஜீவிதா அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். துக்கத்தில் இருக்கிறவர்கள் தங்களுக்கு யார் என்ன செய்தார்கள் என்று எண்ணி எண்ணிப் பார்ப்பார்கள். பஞ்சவர்ணம் அப்படி எண்ணி வைத்திருந்ததில் மிகப் பெரியது அந்த வெறுங்கழுத்து. அதை எடுத்துக் கொடுத்துவிட்டாள். எதைக் கொடுத்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை.

தெருவுக்கு வந்ததும் கவின்ராஜ் ஸ்கூட்டரை உதைத்தான். "கெடைச்சுட்டானுங்க அக்கா. நேரா போய், ஒரு புழுவை எடுத்து நீட்டுவோம். தொட மாட்டான்."

"தொடுவான்," என்றாள் ஜீவிதா. "இருந்தாலும் டப்பாவை எடுத்துக்கோ."

*

நஞ்சன்கூட்டில் ரவிக்குமாரின் ஷெட், தொழிற்பேட்டையின் கடைசியில் இருந்தது. சாப்பாட்டு நேரம், ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். உள்ளே வரிசையாகத் தெருக் கூட்டும் வண்டிகள், பச்சை பெயிண்ட் மணக்க நின்றன. எதிலும் தடுப்புத் தகடு இல்லை. லாரியில் ஏற்றுவதற்காக வாசலில் சிமெண்டுச் சரிவு. அதன் உச்சியில் ஒரு வண்டியை மரக்கட்டைமேல் தூக்கி நிறுத்தியிருந்தார்கள். சக்கரங்கள் அந்தரத்தில் இருந்தன.

ரவிக்குமார் நாற்பது வயதுக்காரன். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. குரலில் மரியாதை குறையவில்லை.

"வாங்கோ மேடம். அந்த மாதம்மாவுக்குத் தண்டனை வாங்கித் தருவீங்கன்னு அக்கா சொல்லுச்சு."

"அதுக்குத்தான் வந்தோமுங்க," என்றான் கவின்ராஜ். பையிலிருந்து டப்பாவை எடுத்து, மாதிரிக்காக மேஜையில் வைத்திருந்த தூண்டில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தான். "இதுல இரை எப்படி வெக்கறதுன்னு ஒருக்கா காட்டுங்க. நான் வெச்சா என்னையே புடிச்சுக்கும்."

ரவிக்குமார் மூடியைத் திறந்தான். இரண்டு விரலால் கொழுத்த புழு ஒன்றை எடுத்து, தலையிலிருந்து வால் வரை கொக்கியில் கோத்தான். புழு சுருண்டு துடித்தது. விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

"அவ்வளவுதானுங்க."

கவின்ராஜின் முகம் தொங்கிப்போயிற்று. அவன் ஜீவிதாவைப் பார்த்தான். அவள் சாதாரணமாகத் தலையாட்டினாள்.

"மலைக்கு மாலை போட்டிருந்தீங்களாமே."

"ஆமாங்க. மச்சான் போனதோட அது முடிஞ்சுது. தீட்டு வந்தா மாலை இருக்கக் கூடாது."

ஜீவிதா கவின்ராஜைப் பார்த்தாள். அந்தப் பார்வையின் பொருள் அவனுக்குத் தெரியும். வாயைத் திறந்துவிடு என்று அர்த்தம்.

"மேட்டகள்ளியில வேற மாதிரி பேசிக்கறாங்களே," என்றான் கவின்ராஜ், பல்லைக் குத்திக்கொண்டே. "வீட்டு பாத்ரூம் பைப்படியிலயே மாலையக் கழட்டி சோப்பு டப்பாமேல வெச்சுட்டீங்கன்னு. சாமியவே சோப்பு டப்பாவுல வெச்ச ஆளுன்னு ஹனூரு வரைக்கும் பேச்சு. எங்க சித்தப்பன் கேட்டா நெஞ்சு வெடிச்சுருவாரு."

ரவிக்குமாரின் கழுத்து நரம்பு புடைத்தது. "எவன் சொன்னான்?"

"ஊரே சொல்லுதுங்க."

"மூணு தலைமுறையா மலைக்கு நடக்கற குடும்பம் நாங்க. ஓடற தண்ணியில இல்லாம மாலையக் கழட்டுவனா? இங்க கபிலா ஆத்துல எறங்கி, மூணு முழுக்குப் போட்டு, படித்துறைப் பூசாரி கையில மாலையக் குடுத்து, அப்புறந்தான் வீட்டுக்குப் போனேன். தெரியாம நாக்குல நரம்பில்லாம பேசாதே. வேணும்னா பூசாரியக் கேளு."

"கேக்கறோம்," என்றாள் ஜீவிதா. "எப்போ முழுக்குப் போட்டீங்கன்னு கேக்கறோம். உங்க அக்கா போன் பண்ணி, ஒரு டீ குடிக்கிற நேரத்துல நீங்க மேட்டகள்ளியில வந்து நின்னீங்க. அப்பவே கழுத்துல மாலை இல்ல. இங்கேயிருந்து மேட்டகள்ளிக்கு ஸ்கூட்டர்ல வர எவ்வளவு நேரம் ஆகும்னு இப்பதான் பார்த்தோம். அப்படின்னா, மச்சான் செத்த சேதி உங்களுக்கு வர்றதுக்கு முன்னாடியே தீட்டு வந்திருக்கு."

கொக்கியில் புழு மட்டும் மெல்ல அசைந்தது.

"மாலை கழுத்துல இருந்தப்போ நீங்க புழுவைத் தொடல. களியைக் கிள்ளி வெச்சீங்க. அவர் செத்துட்டாருன்னு நெனச்சு ஆத்துக்குப் போய் முழுக்குப் போட்டீங்க. எல்லாச் சட்டத்தையும் காப்பாத்தியிருக்கீங்க."

ரவிக்குமார் அவளைப் பார்த்தான். அந்த முகத்தில் கோபம் வடிந்து, ஓர் ஒழுங்கு வந்து உட்கார்வதை ஜீவிதா கண்டாள். கடிகாரப் பட்டை அவிழும் சத்தம் காதில் கேட்டது.

"கவின், தள்ளி நில்லு—"

அவன் விசையைத் தட்டிவிட்டான். கொக்கி கவின்ராஜின் முன்கையில் பாய்ந்து எலும்பை ஒட்டி மறுபக்கம் வெளியே வந்தது. சுருள்வில் இழுத்த இழுப்பில் கவின்ராஜ் மேஜைமேல் மல்லாந்து பெட்டியோடு போய் இடித்தான். கத்தக்கூட நேரமில்லை, ஒரு முனகல்தான் வந்தது.

அடுத்த நொடி ஜீவிதாவின் கூந்தல் ரவிக்குமாரின் முஷ்டிக்குள் இருந்தது. அவளைத் தரதரவென்று இழுத்துப்போய், சரிவின் உச்சியில் நின்ற வண்டிக்குப் பக்கவாட்டில் குனிய வைத்தான். காலால் சக்கரத்தை எத்தினான். அந்தரத்தில் சக்கரம் சுழல, அவள் கன்னத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உருளை சீறியது. எஃகுக் கம்பிகள் ஒரே சாம்பல் நிறமாகக் கலந்தன.

"தப்பு என் வண்டியில இல்ல," என்றான் அவன், நிதானமாக. "குனிஞ்சு கையவிட்டா அது அவ தப்பு. அதுக்காக மொத்தத்தையும் நிறுத்துவாராம். பத்து வருஷமா நான் கட்டினதை ஒரு காகிதத்துல முடிச்சுருவாராம். கால்ல விழுந்தேன். அப்பவும் கேக்கல."

கம்பி அவள் காதோரம் உரசியது. தோல் கிழிந்து கழுத்தில் சூடாக வழிந்தது. முகத்தைத் திருப்ப முடியவில்லை. இரண்டு கைகளாலும் கீழே துழாவினாள். மரக்கட்டை தட்டுப்பட்டது. அவள் தன் முழு எடையையும் அதன்மேல் போட்டு இடித்தாள்.

கட்டை நழுவியது. வண்டி தரையில் தொப்பென்று விழுந்து, சரிவில் உருண்டது. ரவிக்குமார் அதை மறித்துப் பிடிக்கப் பாய்ந்தான். அவனால் அதை விட முடியவில்லை. அவன் வண்டி அது. தோள் துண்டின் நுனி உருளையில் சிக்கியது. துண்டோடு சேர்ந்து கையும் போயிற்று.

அந்தச் சத்தத்தை ஜீவிதா அதற்கு முன் கேட்டதில்லை. முதலில் துணி கிழிவதுபோல, பிறகு பச்சை மட்டையை முறிப்பதுபோல. கம்பிகள் சிவப்பாயின. சரிவின் வெள்ளைச் சிமெண்டில் ஒரு பட்டைக் கோடு விழுந்துகொண்டே போனது, ஈரத் தெருவில் வண்டி விடும் கோடுபோல.

"நிறுத்து," என்று அலறினான் அவன். "புடி, வண்டியப் புடி."

கைப்பிடி அவள் கைக்கு எட்டும் தூரத்தில் நகர்ந்தது. பிடித்துக் காலை ஊன்றினால் போதும். சக்கரம் நின்றால் உருளை நிற்கும். அது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அவள் ஒரு மூச்சு இழுத்தாள். அந்த ஒரு மூச்சுக்குள் மாதம்மா சாக்கடையில் விரலைத் தேடினாள். மேஜைமேல் ஒரு கடிகாரம் கண்ணாடி மேல்பக்கமாக மின்னியது. தான் காத்துக்கொண்டிருக்கிறோம் என்பதை அவள் தெளிவாகப் பார்த்தாள். இதை யாரிடமும் சொல்லப் போவதில்லை என்பதையும்.

பிறகு கைப்பிடியைப் பிடித்து, குதிகாலை ஊன்றி இழுத்தாள். வண்டி நின்றது.

மேஜையிலிருந்து கவின்ராஜின் குரல் பலவீனமாக வந்தது. "அக்கா... லிங்கப்பன் சாருக்குப் போன் பண்ணுங்க. என் போன் கொக்கி மாட்டியிருக்கற கைப் பக்கத்துப் பாக்கெட்ல இருக்குதுங்க. நானா எடுத்தா புழுவும் சேந்து வரும்."

*

படித்துறைப் பூசாரிக்கு அந்தக் காலை நன்றாக நினைவிருந்தது. சிவராத்திரிக்கு முன்பே மாலையைக் கழற்றியவன் ரவிக்குமார் ஒருவன்தான். யார் இறந்தது என்று பூசாரி கேட்டிருக்கிறார். "மச்சான்" என்று பதில் சொல்லியிருக்கிறான். அப்போது பஞ்சவர்ணம் பட்டறைக்கு இன்னும் கிளம்பியிருக்கவில்லை.

மறுநாள், கோர்ட்டுக்குப் போயிருக்க வேண்டிய மாதம்மாவை லிங்கப்பன் ஸ்டேஷன் வாசலில் விடுவித்தார். ஜீவிதாவின் காதுக்குப் பின்னால் தையல் இருந்தது. கவின்ராஜின் கை கழுத்திலிருந்து தொங்கியது. வேப்பமரத்தடியில், கொஞ்சம் தள்ளி, பஞ்சவர்ணம் நின்றிருந்தாள். இவர்களில் யாரைப் பார்ப்பதற்காக வந்தாள் என்று அவளுக்கே தெரியாதவள்போல நின்றாள்.

"அவன் கை?" என்று கேட்டாள் மாதம்மா.

"மணிக்கட்டு வரைக்கும் எடுத்துட்டாங்க," என்றார் லிங்கப்பன்.

மாதம்மா அடுத்ததைக் கேட்டாள். "வண்டி?"

"எல்லாம் நிறுத்தியாச்சு. சந்திரன் சாரோட வரைபடத்தைப் பஞ்சவர்ணம் அம்மாவே ஆபீசுல குடுத்துட்டாங்க. தகடு இல்லாம இனி ஒண்ணும் தெருவுக்கு வராது."

"எப்படிக் கண்டுபுடிச்சீங்க மேடம், அவன்தான்னு?"

ஜீவிதா சொன்னாள். டப்பாவை அவன் திறந்ததையும், புழுவைப் பார்த்ததும் மூடியதையும், மாலை போட்ட கையால் ஓர் உயிரைத் துன்புறுத்தக் கூடாது என்று களியைக் கிள்ளப் போனதையும். எவ்வளவு மெதுவாகச் சொன்னாலும் வேப்பமரம் வரைக்கும் கேட்டது.

மாதம்மா தன் கட்டுப் போட்ட கையைத் தூக்கி, இரண்டு விரலையும் அசைத்துப் பார்த்தாள்.

"அந்தப் புழுவாப் பொறந்திருக்கலாம் மேடம்," என்றாள். "என் கைக்கும் பாவம் பார்த்திருப்பான்."

கவின்ராஜ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். மரத்தடியில் நின்றவளைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான்.